அரைக்கிலோ ட்ரிகர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளைக் கண்டால் கதிரவனுக்குக் கை அரிக்கும். ரிப்பேரானதைச் சரி செய்ய ஊரில் எத்தனையோ பேர் உண்டு. ரிப்பேரே ஆகாததைத் திறந்து பார்க்கிறவன் கடத்தூரில் இவன் ஒருவன்தான். கல்யாணமான புதிதில், வீட்டுத் தாழ்ப்பாள் 'டிக்' என்று விழாமல் 'டொக்' என்று விழுகிறது என்று சொல்லி அதற்கு அரம் போட்டான். அதற்கப்புறம் தாழ்ப்பாள் விழவே இல்லை. புது மருமகள் யுவராணி ஒரு மாதம் முழுக்கக் கதவுக்கு அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கினாள்.

இத்தனைக்கும் அவன் வேலை தெரியாதவன் இல்லை. தருமபுரியில் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு அவன்தான் வாத்தியார். வேலை தெரிந்ததுதான் வினையே.

யுவராணி கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது துப்பாக்கி பிடித்த கை, கல்யாணத்துக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஏர் பிஸ்டல் வாங்கினார்கள். சமையலறை வாசற்படியில் நின்றால் ஹாலைத் தாண்டி, பின்கதவைத் தாண்டி, கொல்லைச் சுவர் வரைக்கும் சரியாகப் பத்து மீட்டர். சுவரில் டார்கெட் பெட்டியை மாட்டிவிட்டு, சாயங்காலமானால் யுவராணி ரவை போட்டுச் சுடுவாள். அந்த நேரத்தில் ஹாலைக் குறுக்கே கடக்கக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். பூனைக்குக்கூடத் தெரியும்.

இந்த விளையாட்டில் ட்ரிகருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிஸ்டலை மேல் நோக்கி நிறுத்தி, ட்ரிகரில் அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டு மேஜையிலிருந்து மெல்லத் தூக்குவார்கள். எடை மேலே வந்தும் ட்ரிகர் விழாமல் தாங்க வேண்டும். 'டப்' என்று விழுந்துவிட்டால் அந்தப் பிஸ்டல் செல்லாது. ஐநூறு கிராமுக்கு மேல் எவ்வளவு கனமாக வைத்துக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் யார் கனமாக வைத்துக்கொள்வார்கள்? ட்ரிகர் லேசாக இருந்தால்தானே கை ஆடாமல் சுட முடியும். அதனால் எல்லோரும் ஐநூறின் விளிம்பிலேயே நிற்பார்கள். கதிரவனோ விளிம்புக்கே அரம் போடுகிற ஆள்.

போன வருஷம் சேலத்துப் போட்டிக்கு முன்னால் இப்படித்தான் அரம் போட்டான். ட்ரிகருக்கு உள்ளே ஒரு குட்டிக் கொக்கி இருக்கும். அது எவ்வளவு குறைவாகப் பிடித்திருக்கிறதோ அவ்வளவு மொழுக்கென்று விடும். நம் ஆள் அதை நகத்தின் நுனி அளவுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டான். எடைச் சோதனையில் பாஸ். ஆனால் ஆட்டத்தின் நடுவில், யுவராணி கையை இன்னும் குறிக்கே கொண்டுவராதபோது, விரல் பட்டும் படாமலும் இருந்தபோதே வெடித்துவிட்டது. ரவை போய் அட்டையின் ஓரத்து வெள்ளையில் குத்தியது. மூன்று புள்ளி. மாநிலப் போட்டிக்குப் போக ஐநூற்று நாற்பது வேண்டும். அவள் எடுத்தது ஐநூற்று முப்பத்தெட்டு.

சேலத்திலிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். தொப்பூர் கணவாயில் பஸ் முக்கிக்கொண்டு ஏறும்போது திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இனிமே இந்தப் பிஸ்டல் மேல உங்க வெரலு நெழலுகூட படக்கூடாது மாமா."

அவன் தலையை ஆட்டினான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் தோற்றது அவனுக்கு அவ்வளவு வலித்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவன் சொல் தவறவில்லை. அவள் சுடும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்வான். அப்படி இருந்த வீட்டில்தான் ஆயுத பூஜை வந்தது.

கதிரவனின் அம்மா குள்ளம்மாள் கடத்தூர் சந்தையில் தக்காளி வியாபாரம். உயரம் பேருக்கேற்ற மாதிரிதான். தொண்டை மட்டும் சந்தையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கும். ஆயுத பூஜையன்று தராசு, எடைக்கல், அரிவாள்மனை, மகனின் ஸ்பேனர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தாள். கண்ணுக்குப் பட்டது பிஸ்டல் பெட்டி. ஆயுத பூஜையில் நிஜ ஆயுதத்தையே விட்டுவிடலாமா? எடுத்தாள், சந்தனத்தைக் கரைத்துத் தாராளமாகப் பூசினாள். குங்குமம் வைத்தாள். எங்கெல்லாம் சந்து தெரிந்ததோ அங்கெல்லாம் பக்தியோடு ஒரு விரல் வைத்தாள்.

யுவராணி மேலே துடைத்துவிட்டுச் சரியாகப் போயிற்று என்று நினைத்தாள். நாள் ஆக ஆக ட்ரிகர் இழுக்க ஆரம்பித்தது. ஒரு நேரம் பட்டென்று விழும், ஒரு நேரம் மணலில் கட்டையை இழுக்கிற மாதிரி வரும். தருமபுரியில் மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு இன்னும் ஒரு வாரம். இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. டார்கெட் அட்டையில் ரவைகள் திசைக்கொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

யுவராணி ஒரு சாயங்காலம் பிஸ்டலைக் கீழே வைத்தாள். ஸ்டூலில் இருந்தவனைப் பார்த்தாள்.

"மாமா, தொறந்து பாருங்க."

"நானா?"

"பின்ன பக்கத்து வூட்டுக்காரரா? ஆனா சேலத்துல பண்ண மாதிரி பண்ணுனீங்க, அவ்வளவுதான். எங்கம்மா வூட்டுக்குப் போயிருவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு உள்ளே சேலம் இருந்தது. இந்தத் தடவை தன்னால் அவள் தோற்றால், தாழ்ப்பாளைக்கூடத் தொடக் கூடாது என்று கதிரவன் மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்ட கையோடு ஸ்குரூடிரைவரை எடுத்தான். ஒரு வருஷம் கழித்து! கோயில் கதவு திறந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

உள்ளே பார்த்தால் ஒரு பூஜை அறையே இருந்தது. கொக்கியின் மேல் சந்தனம் காய்ந்து எண்ணெயோடு சேர்ந்து பக்குப் பிடித்திருந்தது. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையில் குங்குமம். ஒவ்வொன்றாகக் கழற்றினான், மண்ணெண்ணெயில் கழுவினான், துணி நூலைத் திரித்துச் சந்துகளைத் துடைத்தான். தளர்ந்திருந்த ஸ்பிரிங்கை மாற்றினான். கொக்கியை இந்தத் தடவை ஒழுங்காக, ஆழமாகவே பிடிக்க விட்டான். அரத்தை எடுக்கவே இல்லை. எடுக்கவேண்டும் என்று தோன்றியது, இருந்தும் எடுக்கவில்லை. அதற்கு அவனுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

பாக்கி இருந்தது எடைதான். முறையான சோதனை எடை தருமபுரி துப்பாக்கி கிளப்பில் இருந்தது, பீரோவுக்குள். பீரோச் சாவி கிளப் செயலாளர் கோவிந்தனின் சட்டைப் பையில். கோவிந்தன் சொந்தக்காரர்களோடு ஒகேனக்கல்லில். போன் போட்டால் அருவிச் சத்தம்தான் கேட்டது. சாவி பரிசலில் சுற்றிக்கொண்டிருந்தது.

கதிரவன் யோசித்தான். அரைக்கிலோதானே வேண்டும்? அம்மாவின் தக்காளிக் கூடையில் கையை விட்டான். வார்ப்பிரும்புக் கல், மேலே தெளிவாக '500' என்று எழுத்து. கட்டுக்கம்பியில் கொக்கி செய்து கல்லை மாட்டி ட்ரிகரில் தொங்கவிட்டான். ட்ரிகரின் கனத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே போனான். கல்லைத் தாங்கும், இன்னொரு நூல் தளர்த்தினால் தாங்காது என்கிற இடத்தில் நிறுத்தினான். ஐநூறுக்கு மேல் ஒரு கிராம்கூட வீண் இல்லை.

யுவராணி ரவை போடாமல் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். கண்களை மூடிக்கொண்டு இன்னொரு தடவை.

"மாமா," என்றாள், "இழுக்கறதே தெரியலீங்க. நெனச்சன், வுட்டுருச்சு."

கதிரவன் அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் உப்பு இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சுட்ட அட்டைகளில் நடுவில் ஒரே ஓட்டைதான், பெருசாகிக்கொண்டே போனது. குள்ளம்மாள் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எலி கடிச்ச மாதிரி இருக்குது," என்றாள். தன் சந்தனம்தான் வேலை செய்கிறது என்பது அவள் கட்சி. போட்டிக்குத் தானும் வரப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

தருமபுரி கிளப் முன்பு மாம்பழக் கிடங்காக இருந்த ஒரு நீளமான ஷெட். பழ வாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, ஆயுதச் சோதனைக்கு ஆரோக்கியராஜ் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்டு ஹெட் கான்ஸ்டபிள். நெஞ்சில் பேட்ஜ், கையில் வெள்ளைக் கையுறை. கல்யாண வீட்டுக்கு வந்தாலும் மொய்க்கவரை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று ஊரில் சொல்வார்கள்.

யுவராணியின் பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து எடையை மாட்டினார். தூக்கினார்.

டப்.

"மேடம், வுழுந்துருச்சு."

மறுபடியும் தூக்கினார். டப். மூன்றாவது தடவை எடை மேஜையை விட்டுக் கிளம்பவே இல்லை. அதற்குள் டப்.

"ஃபெயிலுங்க மேடம். சரி பண்ணி எடுத்துட்டு வாங்க. உங்க பேட்ச் கூப்பிடறதுக்குள்ள வரலன்னா உள்ள வுட முடியாது."

யுவராணி பிஸ்டலை வாங்கிக்கொண்டாள். திரும்பிக் கதிரவனைப் பார்த்தாள். தொப்பூர் கணவாயில் பார்த்த அதே பார்வை.

"அரைக்கிலோ வெச்சுப் பார்த்தன் யுவா. சத்தியமா தாங்குச்சு."

"எந்த அரைக்கிலோ?"

"அம்மாவோட கல்லு."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். குள்ளம்மாள் சுவரோரம் உட்கார்ந்து, வேகவைத்த நிலக்கடலையை உரித்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கெல்லாம் விநியோகம் செய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, உன் கூடையில இருக்கற அரைக்கிலோ கல்லு சரியாத்தான இருக்கு?"

"எந்தக் கல்லுடா? வாங்கற கல்லா, விக்கற கல்லா?"

கதிரவன் வாயைப் பிளந்தான். "ரெண்டு இருக்குதா?"

"காட்டுக்காரங்க கிட்ட வாங்கறதுக்கு ஒண்ணு, சந்தையில விக்கறதுக்கு ஒண்ணு. கூடையில இருக்கறது விக்கற கல்லு. அதுக்கு அடியில இருந்த ஈயம் எப்பவோ பேந்து வுழுந்துருச்சு. நானும் அப்படியே வுட்டுட்டன்."

அடியில்! உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறவன், அம்மாவின் கல்லை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. '500' என்ற எழுத்தை நம்பிவிட்டான். இந்த ஒரு வாரமாக யுவராணியின் விரல் பழகியதெல்லாம் குள்ளம்மாளின் விற்கிற கல்லுக்கு.

"இத்தன வருசமா ஜனங்களுக்குக் கொறச்சலாவா போட்ட?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

குள்ளம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏண்டா, என்னப் பாத்து அப்படிக் கேப்பியா? கல்லுல கொறையறத நான் கொசுறுல போட்டுருவன். ரெண்டு தக்காளி, ஒரு கொத்து கொத்தமல்லி, போடறனா இல்லியா? எடை சரியா இருக்கற கடையில கொசுறு கெடைக்காது. அதுக்குத்தான் ஜனங்க என் கடைக்கு வராங்க. கொசுறு வுழுந்தாத்தான் மனசு நெறையும்."

இந்தப் பொருளாதாரத்தை வாதாட அவனுக்கு நேரம் இல்லை. ஓரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்டலை மடியில் வைத்தான். ஆரோக்கியராஜ் எடையை இரவல் கொடுத்தார். ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரவன் திருகாணியை இறுக்கினான். எடையைத் தூக்கினான், விழுந்தது. இன்னும் கொஞ்சம். விழுந்தது. இன்னும் ஒரு நூல். தாங்கியது. அப்பாடா. மறுபடி தூக்கினான். தாங்கியது, ஆனால் நடுங்கிக்கொண்டு தாங்கியது.

"போதும்," என்றான் வழக்கம்போல. "சரியா ஐநூறு."

யுவராணி அவன் பக்கத்தில் குந்தினாள். முகத்தில் அந்தப் பார்வை இல்லை. மாமியார் பேசியதைக் கேட்டதிலிருந்தே உதட்டோரத்தில் என்னவோ துடித்துக்கொண்டிருந்தது.

"மாமா."

"ம்?"

"கொசுறு போடுங்க."

"கனமாயிருமே யுவா. ஒரு வாரமா லேசாப் பழகியிருக்கற."

"ஆனா ஆவட்டும். அது வுழுமோ வுழாதோன்னு பயந்துக்கிட்டு என்னால அறுவது தடவ சுட முடியாது. அத்த சொல்றது சரிதான். போடுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதிரவன் ஒரு திருகாணியைத் தேவைக்கு மேல் திருப்பினான். அவன் மனசுக்கு அது பாயசத்தில் மண்ணை அள்ளிப் போடுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் திருப்பினான். ஆரோக்கியராஜ் எடையை மாட்டித் தூக்கினார். எடை ஊஞ்சல் மாதிரி நிம்மதியாக ஆடியது.

"பாஸ்," என்று ஸ்டிக்கர் ஒட்டினார்.

புள்ளிக் கணக்கில் சேராத, பழகிக்கொள்வதற்கான நேரத்தில் யுவராணியின் முதல் ரவை கீழே போனது. இரண்டாவதற்கு விரலை இழுத்துவிட்டு, 'வரவில்லையே' என்று திகைத்து, கையை இறக்கிக்கொண்டாள். பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் கதிரவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பேசக்கூடாது என்பது விதி. அவனை விடப் பெரிய கஷ்டம் குள்ளம்மாளுக்கு. சந்தையில் கத்தியே பழகிய வாய். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள்.

யுவராணி தோளைக் குலுக்கிக்கொண்டாள். மூச்சை விட்டாள். பிறகு விரலை அவசரப்படுத்துவதை நிறுத்திவிட்டாள். ட்ரிகர் தானாக வரட்டும் என்று காத்திருக்கிற தைரியம் அவளுக்கு வந்துவிட்டது, அது பின்னாலிருந்து பார்த்தவனுக்கே தெரிந்தது. தொட்டால் வெடிக்கும் என்ற பயம் இல்லாததால், அவள் கை குறியில் நின்று நிதானமாக அமர்ந்தது. ஒன்பது. பத்து. பத்து. ஒன்பது. நடுவில் ஒரு ஏழு விழுந்தது, யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அவள் திரும்பவில்லை. பக்கத்து லேனில் இருந்த பிரியதர்ஷினி போன வருஷத்து முதலிடம். அவளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் டார்கெட்டுக்குத் திரும்பினாள்.

அறுபதாவது ரவை போனதும் ஷெட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் இன்னும் முடியவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு குலுக்கலில் ஒரு லேனை எடுத்து, அந்தப் பிஸ்டலை மறுபடி எடை போட்டுப் பார்ப்பார்கள். அதில் விழுந்தால் சுட்டதெல்லாம் போச்சு. ஆரோக்கியராஜ் தன் போலீஸ் தொப்பியில் கையை விட்டுச் சீட்டை எடுத்தார்.

"லேன் நாலு. யுவராணி."

அந்தச் சீட்டைத்தான் எடுப்பார் என்று கதிரவனுக்குத் தெரியும். அவன் அதிர்ஷ்டம் அப்படி. மத்தியான வெயிலில் தகர ஷெட் கொதித்தது. சூட்டில் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அறுபது தடவை அடித்த கொக்கி வேறு. சரியாக ஐநூறில் நிறுத்தியிருந்தால்? அந்த எண்ணம் வந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

எடை மேலே ஏறுகிற கிணுகிணு சத்தம் கேட்டது. டப் என்ற சத்தம் கேட்கவில்லை.

"தாராளமா இருக்குதே," என்றார் ஆரோக்கியராஜ். "எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

முந்தானையைத் துப்பிவிட்டுக் குள்ளம்மாள்தான் பதில் சொன்னாள். அவள் தொண்டை ஆட்டம் முழுக்க அடைபட்டுக் கிடந்தது அல்லவா, தகரக் கூரை அதிர்ந்தது.

"கொசுறு சாமி, கொசுறு!"

ஐநூற்று நாற்பத்தேழு. தேவைக்கு மேல் ஏழு. பலகையில் எண்ணை எழுதியதும் யுவராணி கயிற்றைத் தாண்டி ஓடி வந்தாள். கதிரவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று அவன் எழுந்து நின்றான். அவள் மாமியாரைத் தூக்கிச் சுற்றினாள். கடலை நாலாபுறமும் சிதறியது. அதற்கப்புறம்தான் அவன் பக்கம் வந்து, அத்தனை பேர் பார்க்க, அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய் நாற்றம் இன்னும் போகாத கைகள். அவனுக்கு மறுபடி அழுகை வந்தது. இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் பிஸ்டல் பெட்டியை அவளே கொண்டுவந்து அவன் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் ஸ்குரூடிரைவர் பெட்டியையும் வைத்தாள். ஒரு வருஷமாகப் பரண் மேல் பூட்டி வைத்திருந்த அரத்தையும்கூட இறக்கி வைத்தாள்.

"மாநிலப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்குது மாமா. ஒருவாட்டி தொறந்து என்ன ஏதுன்னு பாத்துருங்க."

கதிரவன் பெட்டியைத் திறந்தான். பிஸ்டலைக் கையில் எடுத்து ட்ரிகரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். காதுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை. துணியால் மேலே ஒரு துடை துடைத்துத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினான்.

"வேணாம். நல்லாத்தான இருக்குது. எதுக்குத் தொறக்கணும்?"

யுவராணி அவனையே பார்த்தாள். சமையலறைப் பக்கம் திரும்பி, "அத்த, இங்க வாங்க!" என்று கத்தினாள். பிறகு அவன் நெற்றியில் புறங்கையை வைத்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.